அருந்ததியைக் காட்டத் தெரியுமா?

(மும்பையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களுக்கும், எதிரே அமர்ந்திருக்கும் மாமாக்கள், மாமிகளுக்கும், கடைசி வரிசையில் செல்போனும் கையுமாக இருக்கும் குழந்தைகளுக்கும் என் வணக்கமும் ஆசியும். குழந்தைகளா, அந்த செல்போனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். கீழே வையுங்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் தாத்தா பாட்டிக்கும் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. முப்பத்து நாலு வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்து ரிடையர் ஆனவன். செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "ஸ்வாமி, எனக்கு வேதாந்தமும் தெரியாது, சங்கீதமும் தெரியாது. ஆகாசத்தைப் பற்றி வேண்டுமானால் நாலு வார்த்தை சொல்கிறேன்" என்றேன். அவரும் சரி என்றார்.

முதலில் ஒரு கேள்வி. கோவிலுக்குப் போனால் அர்ச்சகரிடம் கோத்திரம், நக்ஷத்திரம், பெயர் என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். சங்கல்பம் பண்ணும்போது திதி, வாரம், நக்ஷத்திரம் எல்லாம் வருகிறது. இருபத்தேழு பெயர்களும் நமக்கு மனப்பாடம். சரி, உங்கள் ஜன்ம நக்ஷத்திரத்தை வானத்தில் விரல் நீட்டிக் காட்டத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம்.

நாலு கை தெரிகிறது. நாலு இருப்பதே சந்தோஷம்.

இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. நம் பாட்டன்மார் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் படுத்தார்கள். கிருத்திகை எங்கே, சப்தரிஷி எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. நாம் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் அடுக்கு மாடியில் இருக்கிறோம். தெரு விளக்கும் புகையும் போக மிச்சமிருக்கும் வானத்தில் பத்துப் பதினைந்து நக்ஷத்திரம் தெரிந்தால் அதிர்ஷ்டம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை மேகம் வேறு. ஆக, பெயர்கள் நாக்கில் தங்கிவிட்டன, கண்ணை விட்டுப் போய்விட்டன. இன்னும் ஒரு தலைமுறை போனால் நாக்கிலிருந்தும் போய்விடும். அதுதான் என் கவலை. அதற்கு இண்டர்நெட்டில் இலவசமாகவே ஒரு வழி இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்த நல்ல செய்தி.

எனக்கு இதில் ஆர்வம் வந்த கதை ஒன்று. என் தம்பி பெண்ணுக்கு வைகாசியில் இங்கேயே கல்யாணம். காலை முகூர்த்தம். அம்மி மிதித்து முடிந்ததும் அருந்ததி பார்க்கச் சொன்னார்கள். மாப்பிள்ளை விரலை நீட்டினார். பெண்ணும் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். மேலே மண்டபத்தின் சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது! என் பக்கத்தில் இருந்த ஒன்பது வயதுப் பேத்தி, "தாத்தா, அருந்ததி நிஜமாகவே அங்கே இருக்காளா?" என்று கேட்டாள். "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன்.

மறுநாள் அவளையும் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் 'ஸ்டெல்லேரியம்' என்ற மென்பொருளைத் திறந்தேன். ஃபேபியன் ஷெரோ என்ற பிரெஞ்சுக்காரர் 2000-ஆம் ஆண்டில் ஆரம்பித்தது இது. பிறகு பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். காசு கொடுக்க வேண்டாம். ஊரையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால், அந்த ஊரிலிருந்து அந்த நேரத்தில் வானம் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுத் திரையில் வரைந்து காட்டும். வொர்லியில் 1977 முதல் இருக்கும் நேரு கோளரங்கத்துக்குப் போயிருப்பீர்களே, அதையே வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்த மாதிரி.

மும்பை என்று ஊரைப் போட்டோம். கல்யாண நாள், காலை ஒன்பதரை என்று போட்டோம். திரையில் பளீரென்று சூரியன். 'ஏ' என்ற எழுத்தைத் தட்டினால் காற்று மண்டலம் மறைந்து பகலிலும் நக்ஷத்திரங்கள் தெரியும். தட்டினோம். தேடினால் அருந்ததியைக் காணோம். 'ஜி'யைத் தட்டினால் தரையும் மறையும். அதையும் தட்டினோம். அப்போது தெரிந்தாள் அருந்ததி, வடக்கே அடிவானத்துக்கும் கீழே, சுமார் பதினாறு டிகிரி ஆழத்தில்! நாம் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் நம் காலுக்குக் கீழே போயிருக்கிறாள். பேத்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

கதை அங்கே முடியவில்லை. அதே தேதியில் நேரத்தை இரவு எட்டு மணிக்கு மாற்றினோம். ரிசப்ஷன் நடந்த நேரம். வடக்கே, சற்றுக் கிழக்காக, ஏறக்குறைய ஐம்பது டிகிரி உயரத்தில் சப்தரிஷி மண்டலம் கம்பீரமாக நிற்கிறது. அதன் வாலில் நடு நக்ஷத்திரம் வசிஷ்டர். ஒட்டினாற்போல் அருந்ததி. மண்டபத்து வாசலுக்கு வந்து நின்றிருந்தால் நிஜமாகவே காட்டியிருக்கலாம். கிருஹ்ய சூத்திரங்களிலும் நக்ஷத்திரங்கள் தோன்றிய பிறகு வெளியே வந்து துருவனையும் அருந்ததியையும் காட்டுவதாகத்தான் இருக்கிறது. சத்திர வாடகை, சாப்பாட்டு நேரம், ரயில் நேரம் என்று நம் ஸௌகரியத்துக்காக அது பகலுக்கு வந்துவிட்டது. பகலில் செய்வதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. இரவில் இன்னொரு தரம் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள் என்கிறேன்.

அதற்கும் முன்கூட்டியே தேதியைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசி, ஆனி மாத மாலைகளில் அருந்ததி நன்றாகத் தெரிவாள். ஐப்பசிக் கல்யாணம் என்றால் மாலையில் கிடையாது. பின்னிரவு மூன்று மணிக்கு மேல் வடகிழக்கில் உதயமாவாள். ஆகவே முகூர்த்தம் குறித்ததும் மண்டபம் பார்ப்பதோடு இதையும் பாருங்கள்.

வசிஷ்டருக்கு மேல்நாட்டில் மைசார் என்று பெயர், அருந்ததிக்கு ஆல்கார். திரையில் வசிஷ்டரைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் அவரே இரண்டாகப் பிரிவதைப் பார்க்கலாம். 1617-இல் கலிலியோவின் சிஷ்யர் காஸ்டெல்லி தொலைநோக்கியில் கண்டது இது. பிற்காலத்தில் அந்த இரண்டுமே தனித்தனியாக இரட்டைகள் என்று தெரிந்தது. 2009-இல் அருந்ததிக்கும் ஒரு சின்னத் துணை நக்ஷத்திரம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆக, கண்ணுக்கு இரண்டு, கணக்கில் ஆறு. எண்பது ஒளியாண்டுக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறார்கள். எண்பது தாண்டிய மாமாக்கள் கவனிக்க வேண்டும். நீங்கள் பிறந்த காலத்தில் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சத்தைத்தான் இப்போது பார்க்கிறீர்கள்!

இண்டர்நெட்டில் வானத்தைக் காட்டும் சாதனங்கள் மூன்று வகை. இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகை ஸ்டெல்லேரியம் மாதிரி. இது கணக்கு, பஞ்சாங்கத்தையே படமாகப் போட்டது போல.

இரண்டாவது வகை நிஜமான புகைப்படங்களின் தொகுப்பு. 'வேர்ல்டுவைட் டெலஸ்கோப்' என்று ஒன்று உண்டு. 2008 மே மாதம் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிப் பிரிவு வெளியிட்டது. 2007 ஜனவரியில் படகோடு கடலில் காணாமல் போன ஜிம் கிரே என்ற கம்ப்யூட்டர் மேதையின் நினைவுக்கு அர்ப்பணித்தார்கள். பின்னர் அமெரிக்க வானியல் சங்கம் அதன் பொறுப்பை ஏற்றது. பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் வானியல் தகவல் மையம் நடத்தும் 'அலாதீன் லைட்' என்பதும் இந்த வகைதான். கலிபோர்னியாவின் பாலோமர் மலையிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள தொலைநோக்கிகள் பல வருஷங்களாகக் கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்களை ஸ்கேன் செய்து, முழு வானமாகத் தைத்து வைத்திருக்கிறார்கள். அதில் கிருத்திகையைத் தேடுங்கள். கண்ணுக்கு ஆறு தெரிந்த இடத்தில் கூட்டம் கூட்டமாக நக்ஷத்திரங்கள், அவற்றைச் சுற்றி நீலப் புகை போல் தூசி மண்டலம். ஆறு கார்த்திகைப் பெண்களின் குடும்பம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த நீலத்தைக் கண்ணால் நேரில் பார்க்க முடியாது. காமிரா வெகுநேரம் வெளிச்சத்தைச் சேர்த்து, வெவ்வேறு வடிகட்டிகளில் எடுத்த படங்களை ஒன்றாக்கியதால் வந்த வண்ணம் அது. பெரிய நக்ஷத்திரங்களைச் சுற்றி நாலு பக்கமும் கதிர் நீட்டியிருக்கும். அது தொலைநோக்கிக்குள் இருக்கும் தாங்கு கம்பிகளால் வருவது. அதில் தெய்வ ரகசியம் ஒன்றுமில்லை.

மூன்றாவது வகை, இந்த நிமிஷமே வேலை செய்துகொண்டிருக்கும் தொலைநோக்கியை வீட்டிலிருந்து பார்ப்பது. இத்தாலியில் கியான்லூகா மாஸி என்ற வானியலாளர் 2006 முதல் 'விர்ச்சுவல் டெலஸ்கோப் ப்ராஜெக்ட்' நடத்துகிறார். கிரகணம், வால் நக்ஷத்திரம், பூமிக்கு அருகே வரும் சிறுகோள் என்று விசேஷம் வந்தால் நேரடியாக ஒளிபரப்புவார். குளிர்காலத்தில் அவர்களுக்கு நள்ளிரவு என்றால் நமக்கு நாலரை மணி. பிராம்ம முகூர்த்தம்! தூக்கம் வராத வயசுக்காரர்களுக்கு இதைவிட வசதி ஏது?

தூக்கம் வராத விஷயம் எனக்கு நன்றாகவே தெரியும். என் சகதர்மிணி போய் மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு கண்ணை மூட முடியாது. அவள் நக்ஷத்திரம் ரோகிணி. நாற்பத்தொரு வருஷம் அவளுக்கு அர்ச்சனை பண்ணும்போது ரோகிணி, ரோகிணி என்று சொல்லியிருக்கிறேன். எது ரோகிணி என்று தெரியாமலே சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் ராத்திரி திரையில் தேடினேன். ஆல்டெபரான் என்று வந்தது. ரிஷப ராசியில் சிவப்பாக ஒரு நக்ஷத்திரம். கார்த்திகை மாதம் பால்கனியில் நின்று பார்த்தேன். இந்த மும்பை வெளிச்சத்திலும் தெரிகிறது. சுமார் இருபத்தேழு நாளுக்கு ஒரு தரம் சந்திரன் அதன் பக்கம் வருகிறான். தக்ஷனுடைய இருபத்தேழு பெண்களில் ரோகிணியிடம்தான் சந்திரனுக்குப் பிரியம் ஜாஸ்தி என்று புராணம் சொல்கிறதல்லவா? 2015 ஜனவரியிலிருந்து 2018 செப்டம்பர் வரை, ஒவ்வொரு சுற்றிலும் பூமியில் ஏதாவது ஓரிடத்திலிருந்து பார்த்தால் சந்திரன் ரோகிணியை முழுக்க மறைத்துக்கொண்டு போனான். கம்ப்யூட்டரில் தேதியைப் பின்னுக்குத் தள்ளி அதையெல்லாம் பார்த்தேன். துக்கம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குச் செய்ய ஒரு காரியம் கிடைத்தது.

உங்கள் வீட்டிலும் அவரவர் நக்ஷத்திரத்தைத் தேடுங்கள். திருவாதிரைக்கு பீட்டல்ஜூஸ், மகத்துக்கு ரெகுலஸ், சித்திரைக்கு ஸ்பைகா, ஸ்வாதிக்கு ஆர்க்ட்யூரஸ், கேட்டைக்கு அன்டாரெஸ், திருவோணத்துக்கு ஆல்டேர். ஸ்டெல்லேரியத்தில் 'எஃப் 3' விசையைத் தட்டி இந்தப் பெயரைக் கொடுத்தால் போதும். நம் நாட்டு நக்ஷத்திர அமைப்புகளைக் காட்டும் வசதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பஞ்சாங்கத்தில் நக்ஷத்திரம் என்பது 13 டிகிரி 20 கலை கொண்ட ஒரு வான்பகுதி. ஆகவே இன்று ஸ்வாதி என்றால் சந்திரன் ஸ்வாதியை ஒட்டி நிற்பான் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த நக்ஷத்திரம் சந்திரன் போகும் பாதைக்கு வெகு வடக்கே இருக்கிறது.

திருவாதிரை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2019 கடைசியில் அந்த நக்ஷத்திரம் மங்க ஆரம்பித்தது. 2020 ஜனவரியில் ஆருத்ரா தரிசனம் வந்த சமயம், வழக்கத்தைவிட நன்றாகவே மங்கியிருந்தது. வெடிக்கப் போகிறது என்றெல்லாம் செய்தி வந்தது. அது கக்கிய தூசி அதையே மறைத்திருக்கிறது என்று 2021-இல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். பிறகு பழைய பிரகாசம் வந்துவிட்டது. நம்மில் எத்தனை பேர் அந்த மார்கழியில் நடராஜரைத் தரிசித்துவிட்டு, வெளியே வந்து நக்ஷத்திரத்தையும் பார்த்தோம்?

இந்தச் சாதனங்களால் இன்னொரு உபகாரம், வதந்தியை நாமே சோதித்துக்கொள்ளலாம். "ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் கிரகம் சந்திரன் அளவுக்குத் தெரியும்" என்று மெயில் வந்ததல்லவா? பிற்பாடு வாட்ஸ்அப்பிலும் வந்தது. இதன் மூலக்கதை 2003. அந்த வருஷம் ஆகஸ்ட் 27-இல் செவ்வாய் நிஜமாகவே மிக அருகில், சுமார் 5 கோடியே 58 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு வந்தது. அப்போதுகூட அதன் தோற்றம் சந்திரனில் எழுபதில் ஒரு பங்குதான். தேதியைப் போட்டுச் செவ்வாயைத் தேடினால் தூரமும் அளவும் திரையிலேயே எழுதியிருக்கும். அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் ஒரு நிமிஷம் பார்த்தால் போதும்.

வருஷத்தை வெகுதூரம் பின்னோக்கி நகர்த்தியும் பார்க்கலாம். இப்போது துருவன் என்று நாம் காட்டும் நக்ஷத்திரம் வட துருவத்துக்கு ஒரு டிகிரிக்குள் நிற்கிறது. கி.மு. 2800 என்று போட்டால் அந்த இடத்தில் தூபன் என்ற வேறொரு நக்ஷத்திரம் இருக்கிறது. பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெதுவாகச் சுழல்வதே காரணம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 25,800 வருஷம், அதாவது 72 வருஷத்துக்கு ஒரு டிகிரி. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-இல், நாம் தை முதல் தேதி கொண்டாடுவது ஜனவரி 14, 15-இல். இந்த இருபத்து நாலு நாள் இடைவெளிக்கும் இதே சுழற்சிதான் காரணம். மேக்நாத் ஸாஹா தலைமையில் 1952-இல் அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இதையெல்லாம் ஆராய்ந்து 1955-இல் அறிக்கை கொடுத்தது. எந்தப் பஞ்சாங்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. சண்டை போடுவதற்கு முன் இரண்டு தரப்பாரும் ஒரு தரம் திரையைப் பாருங்கள், என்ன பேசுகிறோம் என்றாவது தெரியும்.

"திரையில் பார்ப்பது பார்த்ததாகுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இரண்டு மீட்டர் சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு அது முதன்முதலாக வானத்தைப் பார்த்தது. அதை இயக்குபவர்கள் பெங்களூருக்கு அருகே ஹொஸ்கோட்டையில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் இணைப்பு மூலம் திரையில்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஆகும் என்றால் நமக்கும் ஆகும். 2007-இல் ஹன்னி என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, 'கேலக்ஸி ஸூ' என்ற திட்டத்துக்காக வீட்டுக் கம்ப்யூட்டரில் வான் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வானியலாளர்களே அதுவரை அறியாத ஒரு விசித்திரமான வாயு மேகத்தைக் கண்டார். அதற்கு இன்றும் அவர் பெயர்தான். ரிடையர் ஆன நமக்கு நேரத்துக்கா பஞ்சம்?

ஆனாலும் நண்பர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு நம் பெரியவர்களே பதில் வைத்திருக்கிறார்கள். வேதாந்தத்தில் ஸ்தூல அருந்ததி நியாயம் என்று கேட்டிருப்பீர்கள். அருந்ததி மிகச் சிறியது, நேராகக் காட்டினால் தெரியாது. ஆகவே முதலில் பக்கத்திலுள்ள பெரிய நக்ஷத்திரத்தைக் காட்டி, கண் அங்கே நிலைத்த பிறகு, "அது இல்லை, அதற்கு அடுத்தாற்போல் பார்" என்பார்கள். இந்தத் திரை எல்லாம் அந்தப் பெரிய நக்ஷத்திரம். அதிலேயே நின்றுவிடக் கூடாது. அங்கே பார்த்துக்கொண்டு, பிறகு மாடிக்கு ஏறி நிஜத்தைப் பார்க்க வேண்டும். மும்பை வானத்தில் வசிஷ்டர் வெறும் கண்ணுக்குத் தெரிவார். அருந்ததிக்குச் சாதாரண பைனாகுலர் தேவைப்படலாம்.

ஆகவே மூன்றே மூன்று வேண்டுகோள். ஒன்று, இந்த வாரமே வீட்டில் ஒரு பேரனோ பேத்தியோ உதவியோடு ஸ்டெல்லேரியத்தை இறக்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்தால், வீடியோவில் பேசும்போது இரண்டு ஊரின் வானத்தையும் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். "சாப்பிட்டாயா, அங்கே குளிரா" என்பதற்கு மேல் பேச ஒரு விஷயம் கிடைக்கும். இரண்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவர் நக்ஷத்திரத்தையும் தேடி, எந்த மாதம் எந்தத் திசையில் தெரியும் என்று ஒரு தாளில் எழுதிப் பூஜை அறையில் ஒட்டுங்கள். மூன்று, அடுத்த கல்யாணத்தில் சாயங்காலம் ஐந்து நிமிஷம் மணமக்களை வெளியே அழைத்துப் போங்கள்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். வரும் சித்திரையில் ஒரு மாலை நம் ஹாலின் மொட்டை மாடியைத் திறந்து விட்டால், நான் லேப்டாப்போடும் பைனாகுலரோடும் வந்துவிடுகிறேன். இன்று நாலு கைதான் உயர்ந்தது. அடுத்த வருஷம் இதே கேள்வியைக் கேட்கும்போது நாற்பதாவது உயர வேண்டும்.

கேள்வி இருந்தால் டிபன் சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்.